தேக்கங்காட்டிலிருந்து பெரிங் நீரிணை வரை: ‘ட்ரிங்கோமலி’ கப்பலின் வடதுருவப் பயணம்

1854ஆம் ஆண்டுக் கோடையில் பிரித்தானியக் கடற்படையின் பாய்க்கப்பல் ஒன்று பசிபிக் பெருங்கடலின் வடகோடிக்குச் சென்று, பெரிங் நீரிணையை ஒட்டிய போர்ட் கிளாரன்ஸ் குடாவை அடைந்தது. அலாஸ்கா அன்று ரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் பிரித்தானியா ரஷ்யாமீது போர் அறிவித்திருந்தது. ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டியால் அடைபட்டுக் கிடக்கும் அந்த நீர்ப்பரப்பு, கோடையில் குறுகிய காலம் மட்டுமே கப்பலுக்கு வழிவிடும். வந்த கப்பலின் தலைவர் வாலஸ் ஹூஸ்டன். வடதுருவக் கடலில் காணாமற்போன ஒரு குழுவைத் தேடும் பணியில் இருந்த ‘ப்ளவர்’ கப்பலுக்கு உணவும் பொருள்களும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. கப்பலின் பெயர் ‘ட்ரிங்கோமலி’, நம் திருகோணமலைதான். கட்டப்பட்ட இடம் பம்பாய். அதன் உடல் மலபார்த் தேக்கு. அப்போது அதற்கு வயது ஏறத்தாழ 37.

வடதுருவப் பயணங்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் கப்பல் தலைவர்களின் துணிவையும் மாலுமிகளின் துன்பத்தையும் வைத்தே எழுதப்பட்டவை. அந்தத் துணிவு உண்மையானது, அந்தத் துன்பமும் உண்மையானது. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கப்பல் எப்படிப் பனிக்கடலின் வாசல்வரை போய்த் திரும்பியது என்பதை விளக்க முடியாது. அந்தப் பயணம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில், மரம் வெட்டியவர்களின் கைகளில் தொடங்கியது. அந்தக் காட்டின் தேக்கை ஆட்சியின் சொத்தாக்கிய ஒரு பிரகடனத்துக்கும் அதில் பங்குண்டு. இந்தத் தொடக்கத்தைச் சேர்த்து எழுதும்போதுதான் ‘ட்ரிங்கோமலி’யின் வரலாறு முழுமை பெறும். அப்படி எழுதினால், மஸ்கெலியா போன்ற மலைத்தோட்டப் பகுதியில் வாழும் வாசகருக்கும் அதில் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும்.

தேடப்பட்ட குழு சேர் ஜோன் ஃபிராங்க்ளின் தலைமையில் 1845 மே மாதம் இங்கிலாந்திலிருந்து ‘எரிபஸ்’, ‘டெரர்’ என்ற இரு கப்பல்களில் புறப்பட்டது. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குச் செல்லும் வடமேற்கு வழியைக் கண்டுபிடிப்பது நோக்கம். பனிக்குள் சென்ற 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களைத் தேடிக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கப்பல்கள் அனுப்பப்பட்டன. மேற்கு வழியாகச் சென்றவை கொலின்சனின் ‘என்டர்பிரைஸ்’, மக்ளூரின் ‘இன்வெஸ்டிகேட்டர்’. இவற்றுக்கு ஆபத்து நேர்ந்தால் பின்வாங்கி வந்து ஒதுங்க ஓர் இடம் வேண்டும். அந்த இடமாக நிறுத்திவைக்கப்பட்டதுதான் ‘ப்ளவர்’. ரொச்ஃபோர்ட் மக்வயரின் தலைமையில் அது 1852 முதல் 1854 வரை இரண்டு குளிர்காலங்களை அலாஸ்காவின் வடமுனையான பொயின்ட் பரோவில் பனிக்குள் உறைந்தபடியே கழித்தது.

‘ட்ரிங்கோமலி’ செய்தது மளிகை கொண்டுபோகும் வேலைதானே, இதற்கு ஏன் இத்தனை மதிப்பு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது புதிய கரை எதையும் காணவில்லை, எந்த நிலப்படத்தையும் மாற்றவில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் துருவப் பயணங்களில் மனிதர்களைக் கொன்றவை புயலும் பனிப்பாறையும் மட்டுமல்ல. பசியும், பழமும் பச்சை உணவும் இல்லாததால் வரும் ஸ்கர்வி நோயும் அவற்றைவிடக் கொடிய எதிரிகளாக இருந்தன. மக்ளூரின் ‘இன்வெஸ்டிகேட்டர்’ பனியில் இறுகி, 1853இல் கைவிடப்பட்டது. அதன் ஆட்கள் உயிர் பிழைத்தது வேறு கப்பல்களின் சேமிப்பை எட்டிப்பிடித்ததால்தான். பொயின்ட் பரோவில் ‘ப்ளவர்’ குழுவினரும் தாங்கள் கொண்டுபோன இருப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இனுப்பியாட் மக்களிடமிருந்து மான் இறைச்சியைப் பண்டமாற்றாகப் பெற்றார்கள். அந்தக் கப்பலின் மருத்துவர் ஜோன் சிம்சன் அந்த மக்களைப் பற்றி எழுதிய குறிப்பு 1855இல் வெளிவந்து, இன்றும் ஆய்வாளர்கள் நாடும் ஆவணமாக இருக்கிறது. ஆகவே முன்னால் நின்று தேடியவரின் உயிர், பின்னாலிருந்து சோறு கொண்டுவந்தவரின் கையிலும் பக்கத்துக் கிராமத்தவரின் தயவிலும் இருந்தது. வழங்கல் வேலையைச் சிறிய வேலையாக நினைப்பது, கொழுந்து பறிப்பவரை விட்டுவிட்டுத் தேயிலைத் தொழிலை விளக்குவது போன்றது.

இனி மரத்துக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நெப்போலியனுடன் நடந்த நீண்ட போர் பிரித்தானியாவின் ஓக் காடுகளை வற்றச் செய்தது. பெரிய போர்க்கப்பல் ஒன்றைக் கட்ட ஆயிரக்கணக்கான முதிர்ந்த மரங்கள் வேண்டும். ஓர் ஓக் மரம் முதிர நூறாண்டுக்கு மேல் ஆகும். கடற்படை வேறிடம் தேடியபோது கண்ணில் பட்டது மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு. அதன் சிறப்பு வெறும் உறுதியில் இல்லை. ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கில் உள்ள எண்ணெய்ப்பசையோ இரும்பைக் காக்கும். உளுத்துப்போதலையும் கறையானையும் அது நன்றாகத் தாங்கும். ஈரமும் வெயிலும் மாறிமாறி வந்தாலும் அதிகம் சுருங்காது, விரியாது. பனிக்கடலிலும் இது தாங்குமா என்பதற்கு ‘ட்ரிங்கோமலி’க்கு முன்பே ஒரு சான்று இருந்தது. பம்பாயில் 1805இல் கட்டப்பட்ட ‘சால்செட்’ என்ற தேக்குக் கப்பல், 1808ஆம் ஆண்டின் கடைசியில் பால்டிக் கடலில் ஒரு வணிகக் கப்பல் தொகுதிக்குக் காவலாகச் சென்றபோது பனியில் சிக்கியது. அதே தொகுதியில் இருந்த ‘ஃபாமா’, ‘மக்னெட்’ ஆகிய கடற்படைக் கப்பல்கள் அழிந்தன. ‘சால்செட்’ தப்பிப் பிழைத்தது.

இந்த இடத்தில் கடுமையான ஒரு மறுப்பு உண்டு. ‘ட்ரிங்கோமலி’ பனிக்கடலுக்காகக் கட்டப்படவில்லை. ‘எரிபஸ்’, ‘டெரர்’ ஆகியவற்றுக்குப் போட்டதுபோல அதன் முகப்பில் இரும்புத்தகடு போடப்படவில்லை. உறைந்த கடலைப் பிளந்துகொண்டு போகும் கப்பலும் அல்ல அது. போர்ட் கிளாரன்ஸ்கூடத் துருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ 65 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அப்படியிருக்க, தேக்கின் பெருமையை இதில் ஏற்றிச் சொல்வது மிகை அல்லவா? இந்த மறுப்பின் முதற்பகுதியை அப்படியே ஏற்க வேண்டும். ‘ட்ரிங்கோமலி’ பனியை வென்ற கதை எதுவும் இல்லை. அப்படிச் சொல்பவர்கள் உண்மைக்கு மாறாகச் சொல்கிறார்கள். இரண்டாம் பகுதிக்குப் பதில் கப்பலின் வயதில் இருக்கிறது. 1819இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த அந்தக் கப்பல், போர் முடிந்துவிட்டதால் ஆயுதம் களைந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு துறைமுகத்தில் வெறுமனே கிடந்தது. 1840களில் மாற்றிக் கட்டப்பட்டு வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகளின் கடலில் பணி செய்தது. 1852இல் பசிபிக் படைப்பிரிவில் சேர்ந்தது. சும்மா கிடக்கும் மரக்கப்பலைத்தான் உளுப்பு விரைவில் தின்னும். அப்படி 20 ஆண்டுகளுக்கு மேல் கிடந்த ஒன்றை எடுத்துச் செப்பனிட்டு, உலகின் மறுபுறத்துக்கு, உதவி கேட்க ஆளில்லாத கடலுக்கு அனுப்பினார்கள் என்றால், அந்த நம்பிக்கைக்குப் பெருங்காரணம் அதன் மரம். பனியில் மோதாத கப்பலும் பனியின் வாசல்வரை போய்த் திரும்பும் வலுவுடன் இருக்க வேண்டும்.

மரத்தைக் கப்பலாக்கிய கைகளும் பதிவில் பாதிதான் இருக்கின்றன. பம்பாய்க் கப்பல் துறையை 1736 முதல் வழிநடத்தியது சூரத்திலிருந்து வந்த பார்சிக் குடும்பமான வாடியாக்கள். ‘ட்ரிங்கோமலி’யைக் கட்டிய தலைமைத் தச்சர் ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா. அதற்கான வரைபடங்கள் முதலில் ‘ஜாவா’ என்ற கப்பலில் அனுப்பப்பட்டன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கொன்ஸ்டிடியூஷன்’ கப்பல் அதை வென்று அழித்தது. மறுபடி வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. 1816 ஏப்ரலில் அடிமரம் இடப்பட்டபோது பார்சி மரபுப்படி வெள்ளி ஆணி அறையப்பட்டது; 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது. இன்று உலகில் மிதந்துகொண்டிருக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் அந்தக் ‘கொன்ஸ்டிடியூஷன்’, அடுத்தது ‘ட்ரிங்கோமலி’. வாடியாவின் பெயர் ஏட்டில் இருக்கிறது, அது நல்லது. அவருக்குக் கீழே இழைப்புளியும் உளியும் பிடித்த நூற்றுக்கணக்கானவர்களின் பெயரை இந்தக் கப்பலின் கதையில் யாரும் சொல்வதில்லை.

காட்டில் நடந்தது இன்னும் இருட்டு. 1806இல் கிழக்கிந்தியக் கம்பனி கப்டன் வாட்சன் என்ற பொலிஸ் அதிகாரியை மலபாருக்கு வனக் காப்பாளராக நியமித்தது. ‘காப்பாளர்’ என்ற பதவியின் பெயரை இன்று கேட்டால் காட்டைக் காப்பவர் என்று தோன்றும். அவருக்கு இட்ட வேலை கடற்படைக்குத் தேக்குக் கிடைக்கச் செய்வது. 1807 ஏப்ரலில் வந்த பிரகடனம், தேக்கின்மீது முன்னைய அரசர்களுக்கு இருந்த உரிமை இனிக் கம்பனிக்கே என்றும், அனுமதியின்றி யாரும் தேக்கை வெட்டக்கூடாது என்றும் விதித்தது. மரவியாபாரிகளும், காட்டை நம்பி வாழ்ந்தவர்களும், தங்கள் நிலத்தில் நின்ற மரத்தைக்கூட இழந்தவர்களும் தொடர்ந்து முறையிட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததால் சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோவின் காலத்தில், 1823இல், அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. ‘ட்ரிங்கோமலி’க்கான மரம் வெட்டப்பட்டது இந்த ஏகபோகக் காலத்துக்குள்தான். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகவே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வெட்டிவிட்டு, நின்றபடியே காயவிட்டு, பிறகுதான் வீழ்த்துவார்கள். யானை கட்டி ஆற்றுக்கு இழுத்து, மழைக்காலத்து வெள்ளத்தில் கடற்கரைக்கு மிதக்கவிட்டு, அங்கிருந்து பம்பாய்க்கு ஏற்றுவார்கள். ஒரு கப்பலுக்கு இத்தனை மழைக்காலம், இத்தனை மனிதர், இத்தனை யானை. பின்னர் தேக்கு அருகிப்போனதை உணர்ந்தே 1840களில் நிலம்பூரில் மலபார் ஆட்சியர் கொனொலியும் அவருடைய அலுவலர் சாத்து மேனனும் தேக்கைத் தோட்டமாக நட்டார்கள். உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்வர். காட்டை வெட்டித் தீர்த்த ஆட்சியே தோட்டம் போடத் தொடங்கியது.

இந்த வரிசை மஸ்கெலியாவுக்கு அந்நியமானதல்ல. 1840இல் இலங்கையில் பிறப்பிக்கப்பட்ட 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் எதிர்ச்சான்று காட்டப்படும்வரை அரசின் சொத்தே என்று கொண்டது. மலபாரில் 1807இல் மரத்துக்குச் சொன்னதை இங்கே நிலத்துக்குச் சொன்னார்கள். அந்தச் சட்டத்தின் வழியாகத் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்ட மலைக்காடு கோப்பியானது. சிவனொளிபாதமலையின் அடிவாரக் காடுகள், மஸ்கெலியா உட்பட, அந்த அலையின் பிற்பகுதியில் திறக்கப்பட்டன. 1869இல் கோப்பி இலைநோய் கண்ட பிறகு தேயிலை வந்தது. மஸ்கெலியாவில் மொக்கா என்ற தோட்டத்தின் பெயர் கோப்பிக்காலத்தை இன்னும் சொல்கிறது. மோரே, கிளென்டில்ட் போன்ற பெயர்கள் ஸ்கொட்லாந்தைச் சொல்கின்றன. திருகோணமலையின் பெயர் அலாஸ்காவுக்குப் போன காலமும், ஸ்கொட்லாந்தின் பெயர்கள் நம் மலைக்கு வந்த காலமும் ஒரே நூற்றாண்டுக்குள் அடங்கும். ஹூஸ்டன் போர்ட் கிளாரன்ஸுக்குச் சென்ற அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் பலர் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தார்கள். அவர்களின் பெயர்களும் ஏட்டில் இல்லை.

இங்கே எனக்கு வரக்கூடிய மறுப்பை நானே எதிர்கொள்ள வேண்டும். மலபார்த் தேக்கை வெட்டியவர் தமிழர் என்பதற்கு ஆதாரமில்லை. பம்பாய்க் கப்பல் துறை நம்முடையதல்ல. கப்பலுக்குத் திருகோணமலையின் பெயரை இட்டவர்கள் ஊரைப் போற்றி இட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. எனவே ‘தமிழர் கட்டிய கப்பல் துருவம் சென்றது’ என்று பெருமைப்படுவது பொய். அந்தப் பொய் எனக்கு வேண்டாம். மலைக்காட்டை வெட்டியவர்கள் எல்லாரும் நம் மூதாதையர் என்று சொல்வதும் சரியல்ல. கோப்பிக்காலத்தில் காடுவெட்டும் ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் எடுத்தவர்கள் சிங்களக் கிராமத்தவர், வெட்டிய நிலத்தில் குழி தோண்டி, நட்டு, பராமரித்து, பழம் பறித்தவர்களே தமிழ்த் தொழிலாளர். நான் கோருவது உரிமைப் பெருமையை அல்ல, கணக்கு முழுமையை. ஒரே ஆட்சி காட்டையும் மனிதரையும் ஒரே முறையில் கையாண்டது: முதலில் உரிமையை அரசுக்கு மாற்றும் சட்டம், பிறகு இடம்பெயர்ந்த அல்லது இடம் பறிக்கப்பட்ட உழைப்பு, கடைசியில் அதிகாரியின் பெயர் மட்டும் தங்கும் பதிவு. இந்த முறையை மலபாரிலும் மஸ்கெலியாவிலும் சேர்த்துப் பார்த்தால்தான் அது தற்செயலன்று என்பது புலப்படும்.

பெயர் பதியப்படாதவர்களைப் பற்றி எப்படி வரலாறு எழுதுவது, ஆவணம் இல்லாவிட்டால் ஊகம்தானே மிஞ்சும் என்பது வரலாற்றாசிரியர் சிலரின் கவலை. இதற்குப் பதிலும் அதே துருவக் கடலில் கிடைக்கிறது. ‘ட்ரிங்கோமலி’ வடக்கே சென்ற அதே 1854இல், ஜோன் ரே என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் இன்யூட் மக்களிடமிருந்து ஃபிராங்க்ளின் குழுவின் முடிவைக் கேட்டறிந்து இலண்டனுக்குக் கொண்டுவந்தார். பட்டினியால் இறந்தார்கள், கடைசியில் மனித இறைச்சியையும் உண்டார்கள் என்பது செய்தி. சார்ள்ஸ் டிக்கன்ஸ் தம் இதழில் இன்யூட் சாட்சியத்தை நம்பத்தகாதது என்று கடுமையாகத் தாக்கினார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எலும்புகளில் கண்ட வெட்டுத்தழும்புகள் ரேயின் செய்தியை உறுதிப்படுத்தின. ‘எரிபஸ்’ 2014இலும் ‘டெரர்’ 2016இலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டபோது, இரண்டுக்கும் வழிகாட்டியவற்றுள் இன்யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த நினைவும் இருந்தது. அதிகாரபூர்வ ஏடு மௌனமாக இருந்த இடத்தில் வாய்மொழி சரியாக இருந்தது. ஆகவே ஊகம் என்று ஒதுக்கப்படுவதெல்லாம் ஊகமல்ல. வாய்மொழியையும் பொருளையும் எலும்பையும் மரத்தையும் ஒன்றோடொன்று வைத்துச் சோதிக்கும் முறை இருந்தால் அது வரலாறாகும்.

‘ட்ரிங்கோமலி’ 1857இல் பசிபிக்கிலிருந்து திரும்பியது. பயிற்சிக் கப்பலாக இருந்து, 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டு, கடைசி நேரத்தில் ஜோர்ஜ் வீட்லி கொப் என்ற தனவந்தரால் மீட்கப்பட்டது. ‘ஃபூத்ரொயான்’ என்று பெயர் மாற்றப்பட்டு 1986 வரை இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தது. 1987இல் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, 2001வரை நீண்ட திருத்த வேலைக்குப் பிறகு பழைய பெயரோடு அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. அதன் உடலில் பெரும்பகுதி இன்றும் 200 ஆண்டுக்கு முந்திய அதே தேக்கு. அங்கே பீரங்கியும் மாலுமியின் தொங்குபடுக்கையும் காட்டப்படும் அளவுக்கு, 1807 பிரகடனமும் மலபாரின் ஆறுகளும் காட்டப்பட வேண்டும்.

அதைவிட நெருக்கமான கடமை இங்கே இருக்கிறது. 1960களில் மவுசாகலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. தண்ணீர் வற்றும் காலத்தில் அதன் எச்சங்கள் வெளியே தெரிகின்றன. தோட்டங்களில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய செக்ரோல்கள், பிறப்பு இறப்புப் பதிவுகள், கங்காணிக் கணக்குகள் ஆகியவையோ ஈரத்திலும் செல்லிலும் அழிந்தால் எந்த வறட்சியிலும் திரும்பத் தெரியாது. மலையகத்தின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் கேட்டது அங்கீகாரம். அந்த அங்கீகாரத்துக்கு ஆதாரமாக நிற்கப் போவது இந்தத் தாள்களும், லயங்களில் இன்னும் நினைவோடு இருக்கும் முதியவர்களின் சொல்லும்தான். கம்பளைக்கு அருகே பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அமைந்திருப்பது இது முடியக்கூடிய வேலை என்பதைக் காட்டுகிறது. மஸ்கெலியாவின் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் கோயில் சபைகளும் தத்தம் தோட்டத்தில் இருக்கும் பதிவுகளைப் படம்பிடித்துச் சேர்க்கும் வேலையையும், முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்யும் வேலையையும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.